இலை நீங்கிய புகையிலை

நுவரெலியாவின் தை மாதக் காலையை அறிந்தவர்க்கு நான் சொல்லப்போவது வியப்பாக இராது. பீதுருதலாகலை மலையின் தோளில் வெண்மேகம் படிந்திருக்கும். புல்லின் நுனிகளில் உறைபனி உப்புப் பூத்தாற்போற் கிடக்கும். பாடசாலை முன்றிலில் வரிசையாக நிற்கும் பிள்ளைகள் தேவாரம் பாட வாய் திறந்தால், பாட்டோடு வெண்புகையும் வெளிவரும். சிறு பிள்ளைகள் அதனையே விளையாட்டாக்கி, இரண்டு விரல்களை உதட்டில் வைத்துப் பெரியோர் சுருட்டுப் பிடிப்பதுபோல நடித்துக் காட்டுவர். ஆசிரியத் தொழிலில் நான் கழித்த ஆண்டுகள் எல்லாவற்றிலும் இந்தக் காட்சியைக் கண்டு சிரித்துப் பழகியிருக்கிறேன்.

ஆதலால், ஒரு தை மாதக் காலையில், பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் கட்டடத்தின் பின்புறச் சுவரோரம் நின்று வாயினின்றும் வெண்புகை விட்டதைக் கண்டபோது, பனிக்காலத்து மூச்சென்றே எண்ணிக் கடந்து சென்றேன். நாலடி நடந்த பின்னர்தான் ஐயம் பிறந்தது. மூச்சுக்கு மணம் இல்லை. அங்கே மாம்பழ மணம் வீசிற்று. தை மாதத்து நுவரெலியாவில் மாம்பழம் ஏது?

திரும்பிச் சென்று கையைத் திறக்கச் சொன்னேன். தடித்த பேனை போன்ற ஒரு பொருள் இருந்தது; பளபளப்பும் வண்ணமுமாக விளையாட்டுச் சாமான்போலத் தோன்றிற்று. "இஃது என்ன?" என்றேன். "வேப், சேர்" என்றான். தமிழாசிரியனுடைய செவி தமிழையே தேடும். வேப்பம்பூ, வேப்பெண்ணெய் என்று என் மனம் ஓடிற்று. வேம்புக்கும் இந்த மணத்துக்கும் என்ன உறவு என்று நான் விழிப்பதைக் கண்டு, அவனே விளக்கம் சொன்னான்: "இதில புகையிலை இல்ல சேர். சும்மா ஆவிதான்."

அவன் பொய் சொல்லவில்லை. தான் சொன்னதை உண்மையென்றே நம்பியிருந்தான். அத்துடன் நின்றிருந்தால் நான் அதட்டி அனுப்பியிருப்பேன். ஆனால் அவன் கண்கள் என் சட்டைப்பையில் துருத்திக்கொண்டிருந்த மூக்குப்பொடி டப்பியின்மேற் சென்றன. தலையைக் குனிந்துகொண்டு, எனக்குக் கேட்டும் கேளாததுமாக, "சேர் போடுறதுதான் புகையிலை" என்று முணுமுணுத்தான்.

அவனுக்கு விடை சொல்ல என்னிடம் சொல் இருக்கவில்லை. அந்தச் சொல்லைத் தேடிச் சென்ற கதையே இக்கட்டுரை.

பெயர் வந்த வழி

புகையிலை நம் பழைய பொருளன்று. சங்கப் புலவர்கள் அதனை அறியார். கம்பர் அறியார். அமெரிக்கக் கண்டத்துச் செடியாகிய அது போர்த்துக்கேயர் காலத்திலே கப்பலேறி நம் கரைகளுக்கு வந்தது. வந்த செடிக்கு நம்மவர் அயல்மொழிப் பெயரைக் கடன் வாங்காது, புகைக்கும் இலையாதலின் புகையிலை என்று தாமே பெயர் படைத்தனர். பொருளைப் பார்த்தவுடன் விளங்கும்படி இட்ட அழகிய பெயர் அது. யாழ்ப்பாணத்து மண்ணில் அந்த இலை செழித்தது; திருவாங்கூருக்கு ஏற்றுமதியாயிற்று; சுருட்டாகச் சுருண்டு தென்னிலங்கைக்கும் மலைநாட்டுக்கும் வந்தது. மலைநாட்டுப் பட்டினங்களில் சுருட்டுக்கடை என்ற பெயரோடு வடபுலத்து வணிகர் நடத்திய கடைகளை முதியோர் இன்றும் நினைவு கூர்வர்.

புலவர்களும் அதன் வசப்பட்டனர். சீனிச்சர்க்கரைப் புலவர் என்பவர் பழனி முருகனிடத்தே புகையிலையையே தூதாக அனுப்பிப் புகையிலை விடு தூது என ஒரு நூல் இயற்றினார். அன்னத்தையும் கிளியையும் முகிலையும் தூதனுப்பிய மரபிலே புகையிலைக்கும் ஓர் இடம் கிடைத்தது. எங்கள் பண்டித பரம்பரையோ புலவருக்குச் சளைத்ததன்று. எனக்கு இலக்கணம் கற்பித்த பெரியவர் ஒரு சூத்திரத்துக்கு ஒரு சிட்டிகைப் பொடி என்ற கணக்கில் பாடம் நடத்துவார். அவரிடம் நான் கற்ற இலக்கணத்தில் எவ்வளவு நின்றதோ அறியேன், பொடி நின்றுவிட்டது.

தோட்டத்திலோ புகையிலை வேறோர் உருவில் வாழ்ந்தது. என்னை வளர்த்தவர் என் அப்பாயி. விடியுமுன் பெரட்டுக்குப் போகும்போதே சுருக்குப்பையில் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, ஒரு துண்டுப் புகையிலை ஆகியவற்றை முடிந்துகொள்வார். மழையிலும் அட்டைக் கடியிலும் மலைச்சரிவில் நின்று கொழுந்து கொய்பவருக்கு அந்தப் புகையிலைத் துண்டு குளிருக்குப் போர்வையாகவும் பசிக்கு அணையாகவும் இருந்தது. கன்னத்தினுள் அதனை அடக்கியபடியே உறங்கியும் போவார். ஒருநாள் அந்தக் கன்னத்தில் ஒரு புண் தோன்றிற்று. உறைப்புத் தாங்கவில்லை என்று குழம்பை விட்டார். பின்னர் சோற்றை விட்டார். இறுதியில் நீரும் இறங்கவில்லை. மகரகமைப் புற்றுநோய் மருத்துவமனைக்குக் கொண்டு சென்றபோது காலம் கடந்திருந்தது.

அப்பாயிக்கு நேர்ந்தது அவருக்கு மட்டும் நேர்ந்ததன்று. இலங்கை ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றே. வெற்றிலையும் புகையிலையும் மெல்லும் வழக்கம் தோட்டப்புறங்களிலேயே மிகுதி. புகையிலையை நீக்கி வெறும் பாக்கை மென்றாலும் புற்று வரும் என்று உலக சுகாதார தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2004ஆம் ஆண்டில் அறிவித்தது.

இவ்வளவும் அறிந்திருந்தும் யான் பொடியை விட்டேனில்லை. அப்பாயியைக் கொண்டுபோனது வெற்றிலையோடு மென்ற புகையிலை. நான் போடுவது மூக்குப்பொடி. அது வேறு, இது வேறு என்று எனக்கு நானே பொருள் வேற்றுமை கற்பித்துக்கொண்டேன். பெயர் மாறினாற் பொருளும் மாறிவிடும் என்ற மயக்கம் அந்தச் சிறுவனுக்கு முன்பே என்னிடம் இருந்தது. இதனை இப்போதே சொல்லி வைக்கிறேன், பின்னர் வேண்டப்படும்.

சாரம் பிரிந்த கதை

புகையிலையை நாடச் செய்வது அதன் மணமன்று, காரமன்று. அதனுள் உறையும் நிக்கொட்டின் என்னும் நச்சுச்சாரமே. லிஸ்பனிலே பிரெஞ்சு அரசின் தூதுவராக இருந்த சான் நிக்கோ என்பவர் 1560ஆம் ஆண்டளவில் புகையிலையைத் தம் அரசவைக்கு அனுப்பினார். அவர் பெயரே செடியின் அறிவியற் பெயரிலும் அதன் சாரத்திலும் ஏறிக்கொண்டது. 1828ஆம் ஆண்டில் போசெல்ற், ரைமன் என்ற இரு செருமானிய அறிஞர்கள் இலையினின்றும் அந்தச் சாரத்தைத் தனியே பிரித்தெடுத்துக் காட்டினர். அஃது எத்தகைய சாரம் என்பதைக் காய்கறிச் செய்கையாளர் நன்கறிவர். புகையிலையை ஊறவைத்த கசாயம் பூச்சிகளைக் கொல்லும். பூச்சியினின்றும் தன்னைக் காத்துக்கொள்ளச் செடி வைத்திருந்த ஆயுதத்தை மனிதன் இன்பப்பொருளாகக் கொண்டான்.

இலையையும் சாரத்தையும் பிரிக்கலாம் என்று அறிந்த பின்னரும் நெடுங்காலம் மக்கள் இலையை எரித்தே சாரத்தை நுகர்ந்தனர். 2003ஆம் ஆண்டில், சீனத்து மருந்தாளர் ஹொன் லிக் என்பவர் அந்த நிலையை மாற்றினார். தாமே சிகரெட்டுக்கு அடிமைப்பட்டிருந்த அவர், இலை இல்லாமல், நெருப்பு இல்லாமல், நிக்கொட்டினை மட்டும் மூச்சோடு உள்ளிழுக்க ஒரு கருவியை அமைத்தார். அதுவே மின்சிகரெட்டு. அதனுள் ஒரு மின்கலம் உண்டு. ஒரு கம்பிச்சுருள் உண்டு. கிளிசரினும் புரோப்பிலீன் கிளைக்கோலும் நிக்கொட்டினும் சுவையூட்டிகளும் கலந்த நீர்மம் உண்டு. உறிஞ்சும்போது சுருள் சூடேறி நீர்மத்தை நுண்துளிகளாக்கும். எங்கள் மாணவன் 'ஆவி' என்றது இதனையே. குளிர்காலத்தில் நம் வாயினின்றும் வரும் வெண்மை வெறும் நீர்த்துளி. அவன் வாயினின்றும் வந்ததோ பல இரசாயனங்கள் சேர்ந்த துளி. இரண்டும் கண்ணுக்கு ஒன்றே, நெஞ்சுக்கு ஒன்றல்ல.

வளரும் பருவத்து மூளைக்கு நிக்கொட்டின் சிறப்பாகத் தீங்கு செய்யும். மூளை முதிர்ச்சியடைய இருபத்தைந்து வயதளவாகிறது. அதற்குமுன் நிக்கொட்டினுக்குப் பழகினால் கவனம், கற்றல், மனவடக்கம் ஆகியவை பழுதுறும் என்று அமெரிக்க நாட்டின் தலைமைச் சத்திர வைத்தியர் 2016ஆம் ஆண்டு அறிக்கையிலே எடுத்துரைத்தார். கவனமும் கற்றலும் மனவடக்கமும் கெட்டால் பாடசாலைக்கு எஞ்சுவது யாது? தோட்டத்துப் பிள்ளைக்கு லயத்தினின்றும் வெளியேறும் வாயில் பரீட்சை ஒன்றே. அந்த வாயிலின் திறவுகோலை அவன் கையினின்றும் பறிக்கும் பொருளுக்கு மாம்பழ மணம் ஊட்டியிருக்கிறார்கள்.

சட்டத்தின் சொல்

அன்று மாலையே சட்டத்தைத் தேடினேன். நம் நாடு இத்துறையிற் பின்தங்கியதன்று. புகையிலைக் கட்டுப்பாட்டுக்கான உலக உடன்படிக்கை 2003ஆம் ஆண்டு மே மாதத்தில் ஏற்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் இலங்கை அதனை உறுதிப்படுத்தி, உலக சுகாதார தாபனத்தின் தென்கிழக்காசிய மண்டலத்தில் முதல் நாடாக நின்றது. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபை உருவாயிற்று. இருபத்தொரு வயதுக்குட்பட்டவருக்குப் புகையிலைப் பொருள் விற்பதை அச்சட்டம் தடுத்தது, விளம்பரத்தையும் தடுத்தது. 2015ஆம் ஆண்டுத் திருத்தம், சிகரெட்டுப் பெட்டியின் நூற்றுக்கு எண்பது பங்கு இடத்தில் நோயுற்ற உடலின் படத்தைப் பொறிக்க வேண்டுமென்றது.

பின்னர், 2016ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்து வர்த்தமானியிலே சுகாதார அமைச்சரின் ஒழுங்குவிதிகள் வெளிவந்தன. புகையாத புகையிலைப் பொருள்கள், சுவையும் நிறமும் இனிப்பும் ஊட்டிய சிகரெட்டுகள், இலத்திரனியல் சிகரெட்டுகள் ஆகியவற்றைச் செய்வதும் இறக்குவதும் விற்பதும் தடுக்கப்பட்டன. இதனைப் படித்தவுடன் எனக்கு மகிழ்ச்சி உண்டாயிற்று. மறுபடியும் படித்தேன், மகிழ்ச்சி குறைந்தது. தடுக்கப்பட்டவை எல்லா இலத்திரனியல் சிகரெட்டுகளும் அல்ல. புகையிலை அடங்கிய இலத்திரனியல் சிகரெட்டுகள் என்றே அவ்விதி வரையறுத்திருந்தது.

'புகையிலை அடங்கிய' என்னும் அடைமொழியில் என் கண் நின்றது. பாடசாலைச் சுவரோரம் அந்தச் சிறுவன் சொன்னதும் இதுவே அன்றோ? "இதில புகையிலை இல்ல சேர்." அவன் சட்டம் படித்தவன் அல்லன். ஆனால் அவனுக்கு அந்தப் பொருளை விற்றவன் எவனோ, அவன் சட்டத்தின் சொல்லைச் சரியாகப் படித்திருக்கிறான்.

இன்னொன்றையும் கண்டேன். புகையாத புகையிலைப் பொருள் என்பதற்கு நேர்ப்பொருள் கொண்டால், என் மூக்குப்பொடி அதனுள் அடங்கும். சட்டத்தின் வலை கிழவனுடைய பொடி டப்பியைப் பிடித்தது. பிள்ளையின் கையிலிருந்த குழலோ அதன் கண் வழியே நழுவிற்று. எனக்குச் சிரிப்பும் வந்தது, சினமும் வந்தது.

எள்ளும் எண்ணெயும்

பண்டித வகுப்பிலே தருக்கம் பயின்றவர்கள் இலக்கணக் குற்றம் மூன்று என்பதை மறந்திரார். ஒரு பொருளுக்கு இலக்கணம் கூறுமிடத்து, கூறப்படும் பொருளின் ஒரு பகுதியைத் தழுவாமல் விடுவது அவ்வியாத்தி. பிறபொருளையும் தழுவுவது அதிவியாத்தி. எதனையுமே தழுவாதிருப்பது அசம்பவம். பசுவுக்கு இலக்கணம் கபில நிறம் என்றால் வெள்ளைப் பசு விடுபடும். கொம்புடைமை என்றால் எருமையும் ஆடும் உள்ளே வரும். பிளவுபடாத ஒற்றைக் குளம்பு என்றாலோ ஒரு பசுவும் அகப்படாது. இதனைப் பரீட்சைக்காக மனனம் செய்தபோது, பசுவை அறியாதார் உலகில் உளரோ, இந்த வரையறை யாருக்கு வேண்டும் என்று எண்ணியதுண்டு. வர்த்தமானியைப் படித்த அன்றுதான் அந்தப் பாடத்தின் பயன் விளங்கிற்று. மின்சிகரெட்டைப் புகையிலை அடங்கியது என்று வரையறுப்பது பசுவைக் கபில நிறத்தது என்று வரையறுப்பதை ஒக்கும்.

நீர்மத்திலுள்ள நிக்கொட்டின் பெரும்பாலும் புகையிலையிலிருந்து எடுக்கப்படுவதுதானே, ஆகவே அதுவும் புகையிலை அடங்கியதுதானே என்று ஒருவர் வினவலாம். இவ்விடத்து எண்ணெய் என்னும் சொல்லை நோக்குக. எள்ளின் நெய்யே எண்ணெய். எள்+நெய் என்று பிரித்துக் காட்டாத தமிழாசிரியர் இல்லை. ஆயினும், எண்ணெய் நிறைந்த போத்தலைக் காட்டி, இதில் எள் அடங்கியுள்ளதோ என்றால், ஓர் எள்மணியையும் எடுத்துக் காட்ட இயலாது. வழக்கு மன்றில் இந்த ஐயத்தின் பயன் விற்பவனையே சாரும்.

சொல்லின் வரலாறு இன்னும் ஒரு படி செல்கிறது. எள்ளின் நெய்க்கு இட்ட பெயர் தேங்காயெண்ணெய், வேப்பெண்ணெய் என்று பரந்தது. ஈற்றில் மண்ணெண்ணெய் என்று எள்ளும் வித்தும் மரமும் இல்லாத பொருளுக்கும் சென்றது. புகையிலையின் சாரத்துக்கும் அவ்வாறே நேர்ந்தது. இலையே வேண்டாமல் ஆய்வுகூடத்தில் நிக்கொட்டினைச் செய்யும் முறை வந்துவிட்டது. அமெரிக்காவிலே மின்சிகரெட்டு வணிகர் சிலர், எங்கள் நிக்கொட்டின் செடியில் விளைந்ததன்று, ஆதலின் புகையிலைச் சட்டம் எங்களைக் கட்டாது என்று வாதிட்டனர். 2022ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அந்நாட்டுப் பாராளுமன்றம் சட்டத்திலிருந்த வரையறையை மாற்றி, எந்த மூலத்திலிருந்து வந்த நிக்கொட்டினாயினும் அடங்கும் என்று எழுதியது. ஓட்டை அடைபட்டது ஒரு சொல்லால்.

நம் அயல்நாடாகிய இந்தியா இதனை முன்னரே எண்ணியிருந்தது. தமிழ்நாடு அரசு 2018ஆம் ஆண்டில் மின்சிகரெட்டின் உற்பத்தியையும் விற்பனையையும் தடை செய்தது. 2019ஆம் ஆண்டு செப்டெம்பரில் மத்திய அரசு அவசரச் சட்டம் பிறப்பித்தது. அவ்வாண்டின் 42ஆம் இலக்கச் சட்டமாக அது நிலைபெற்றது. செய்தல், இறக்குதல், ஏற்றுமதி, விற்றல், பகிர்தல், இருப்பில் வைத்தல், விளம்பரம் செய்தல் எல்லாம் குற்றம். இருப்பில் வைத்தல் ஒழிந்த ஏனைய குற்றங்களை முதன்முறை புரிந்தவனுக்கு ஓராண்டு வரை சிறை, அல்லது ஓர் இலட்சம் ரூபா வரை தண்டம், அல்லது இரண்டும். மீண்டும் புரிந்தால் மூன்றாண்டு வரை சிறையும் ஐந்து இலட்சம் வரை தண்டமும்.

தண்டனையினும் அதன் வரையறையே என்னைக் கவர்ந்தது. ஒரு பொருளைச் சூடாக்கி, உள்ளிழுக்கத்தக்க துளிப்படலமாக மாற்றும் மின்கருவி எதுவாயினும், அதில் நிக்கொட்டின் இருப்பினும் இல்லாதொழியினும், அச்சட்டத்துள் அடங்கும். இலையை நோக்காது செயலை நோக்கி எழுதிய வரையறை அது. அங்ஙனமாயின், மூச்சுத்தடை நோயாளிக்கு மருத்துவர் தரும் கருவியும் அகப்பட்டு அதிவியாத்தி நேராதோ என்றால், மருந்துச் சட்டத்தின்கீழ் உரிமம் பெற்றவை விலக்கு என்று அதனையும் சொல்லி வைத்தனர். தருக்கம் பயின்ற ஒருவர் அருகில் இருந்திருப்பார்போலும்.

நம் ஒழுங்குவிதியை எழுதியவர்களைக் குறை கூறுவது என் நோக்கமன்று. உலக உடன்படிக்கையே புகையிலைப் பொருளை இலையை மூலப்பொருளாகக் கொண்டது என்றுதான் வரையறுத்தது. அந்த உடன்படிக்கை ஏற்கப்பட்ட ஆண்டும், இலையில்லாக் கருவி பிறந்த ஆண்டும் ஒன்றே, 2003. உலகம் முழுவதும் கூடி இலைக்கு வேலி கட்டி முடித்தபொழுது, சாரம் இலையை விட்டு வெளியே போய்விட்டது. இலைக்கு எழுதிய சொல்லைப் பழக்கத்தால் சாரத்தின்மேலும் வைத்துவிட்டார்கள்.

மறுப்பும் விடையும்

மறுபக்கத்தாருக்கும் வழக்கு உண்டு. அதனைக் கேளாமல் விடுவது அறமன்று. சிகரெட்டை எரிக்கும்போது உண்டாகும் கீலும் நச்சுவாயுவும் மின்சிகரெட்டில் இல்லை. பல்லாண்டு புகைத்தவர் அதிலிருந்து விடுபட இஃது ஓர் ஊன்றுகோல் என்பர். இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறையினர் 2015ஆம் ஆண்டில் இது சிகரெட்டினும் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்களவு தீமை குறைந்தது என்று மதிப்பிட்டனர். அந்நாட்டில் புகைப்பழக்கத்தை விட விரும்புவோருக்கு அரசே அதனை வழங்கியும் உள்ளது. முதிர்ந்த புகைஞர் ஒருவருக்கு இவ்வாதம் பொருந்தலாம். ஆனால் எங்கள் மாணவன் எதனை விடுவதற்காக இதனைத் தொட்டான்? அவன் ஒரு சிகரெட்டும் பிடித்தவன் அல்லன். ஊன்றுகோல் முடவனுக்கு உதவும். நடக்கப் பழகும் குழந்தையின் கையில் அதனைக் கொடுப்பார் உளரோ? ஊன்றுகோலை வழங்கிய அதே நாடுதான், சிறுவரிடையே அது பரவியதைக் கண்டு, ஒருமுறை இழுத்து எறியும் வகையை 2025ஆம் ஆண்டு ஜூன் முதலாம் நாளிலிருந்து விற்கலாகாதென்று தடுத்தது. அவுஸ்திரேலியாவோ 2024ஆம் ஆண்டு ஜூலையிலிருந்து மருந்தகத்தில் மட்டுமே விற்கலாம் என்றது. ஊன்றுகோல் என்றால் அது மருந்துக் கடையில் இருக்கட்டும். மிட்டாய் மணத்தோடு மாணவன் பையில் ஏன்?

தடை போட்டால் மறைவிற் பெருகும் என்பது இரண்டாவது மறுப்பு. இதில் உண்மை உண்டு. தமிழர் பலர் வாழும் சிங்கப்பூரில் 2018ஆம் ஆண்டு முதல் விற்பதேயன்றி வைத்திருப்பதும் குற்றம். அத்தகைய நாட்டிலும் மயக்க மருந்து கலந்த குழல்கள் மறைவிற் பரவின. 2025ஆம் ஆண்டில் அந்த எட்டோமிடேற்று என்னும் மருந்தையே போதைப்பொருட் பட்டியலிற் சேர்க்க நேர்ந்தது. சட்டம் ஒன்றே போதாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டா. வேலி இட்டபின்னும் ஆடு நுழையும். ஆயினும் வேலியைப் பிடுங்கி எறிவார் இல்லை. வேலியில் நாமே வைத்த வாயிலை அடைப்பதன்றோ முதல் வேலை?

சட்டம் எழுதுவோரிடமும் திருத்துவோரிடமும் ஒரு தமிழாசிரியன் வேண்டுவது இவ்வளவே: இலையின் பெயரை விட்டுச் செயலின் பெயரைப் பிடியுங்கள். நன்னூலார் நூலுக்கு ஆகாத குற்றம் பத்தென்று வகுத்தவிடத்துக் குன்றக் கூறலை முதலில் வைத்தார். செய்யுளில் ஒரு சொல் குன்றினால் ஓசை கெடும். சட்டத்தில் ஒரு சொல் குன்றினால் ஒரு பிள்ளை கெடும்.

தாயின் வரையறை

அந்தக் கருவியை அதிபரிடம் ஒப்படைத்தேன். மாணவனின் தாய்க்குச் சொல்லியனுப்பினோம். பட்டினத்தில் கைத்தொலைபேசி திருத்தும் கடையொன்றில் வேலை பார்க்கும் ஒருவனிடமிருந்து, மூன்று பேர் காசு சேர்த்து வாங்கினார்களாம். விலை, அந்தத் தாயின் ஒருநாட் கூலிக்கும் மேல்.

மாலைக் கொழுந்து நிறுத்தபின், தலையிற் கட்டிய துணியையும் அவிழ்க்காமல் அவர் வந்தார். வெண்பலகையின் அருகே நின்றபடி, மேசைமேற் கிடந்த அந்தப் பொருளைச் சற்று நேரம் பார்த்தார். கையால் தொடவில்லை.

"இது என்னா சாமான் சேர்?" என்றார்.

மின்சிகரெட்டு என்றால் அவருக்கு விளங்காது. வேப் என்றால் எனக்கே விளங்கவில்லை. வர்த்தமானியின் மொழியில் சொன்னால் சட்டம் எழுதியவர்களுக்கே விளங்கவில்லையென்று கண்டோம். ஆகவே என் வாயில் வந்ததைச் சொன்னேன்: "இலை இல்லாத புகையிலை, அம்மா."

"அப்ப பொயிலைதானே" என்றார்.

அவ்வளவுதான். அடைமொழியும் இல்லை, ஐயமும் இல்லை. கொழுந்து பறிக்கும் அந்தத் தாய் ஒரே சொல்லில் எழுதிய வரையறையில் அவ்வியாத்தியும் இல்லை, அதிவியாத்தியும் இல்லை. மகன் பக்கத்தில் தலை குனிந்து நின்றான். அவர் அவனை அடிக்கவில்லை. தம் மடியிலிருந்த வெற்றிலைப் பையை எடுத்து, இடுப்புச் சேலைக்குள் ஆழச் செருகிக்கொண்டார். அதை மகனும் கண்டான், நானும் கண்டேன்.

அவர் சென்றபின் மாணவனை இருத்திவைத்துச் சில வார்த்தைகள் பேசினேன். அறிவுரை கூறவில்லை, கூறும் தகுதி எனக்கு இருக்கவில்லை. என் பொடி டப்பியை எடுத்து அந்தக் கருவியின் பக்கத்தில் வைத்தேன். "நீ சொன்னது சரி, நான் போடுவதும் புகையிலை. உன் அம்மா சொன்னதும் சரி. நீ இழுப்பதும் புகையிலை. இருவரும் விடுவோம். யார் முதலில் தோற்பது என்று பார்ப்போம்" என்றேன். அவன் முதன்முறையாக நிமிர்ந்து சிரித்தான்.

மாதங்கள் சில சென்றுவிட்டன. பாடவேளை மாறும் மணி அடிக்கும்போதெல்லாம் என் விரல்கள் இன்னும் சட்டைப்பையைத் தடவிப் பார்க்கின்றன. எதிரே இருக்கும் அவன் அதனைக் கண்டு புருவத்தை உயர்த்துகிறான். நான் கையை எடுத்துவிடுகிறேன். குளிர்ந்த காலைகளில் அவன் வாயினின்றும் புகை வரும்போது நானும் அருகிற் சென்று முகர்ந்து பார்க்கிறேன். இதுவரை மணம் ஏதும் இல்லை.